பாகலுக்கு மட்டும் முளைக்கிற கை

பாகல் எல்லாம் வந்துவிட்டது. செண்டுமல்லி பாதிக்கு மேல் வந்திருந்தது. மிளகாய் ஐந்தில் ஒன்றுதான். கோழிக்கொண்டை ஒன்றுகூட இல்லை.

பரிமளா நாற்றுத் தட்டுகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து மறுபடியும் எண்ணினாள். ஒரு தட்டில் தொண்ணூற்றெட்டுக் குழிகள். குறுக்கே ஏழு, நெடுக்கே பதினான்கு. எத்தனை தடவை எண்ணினாலும் முளைத்தது அதே எண்தான். ஓரத்தில் சிவப்பு நூல் கட்டியவை அவள் விதைத்த தட்டுகள். பச்சை நூல் அம்பிகாவுடையது, நீல நூல் குஞ்சம்மாளுடையது. பச்சையிலும் நீலத்திலும் மிளகாய் பல்வரிசை மாதிரி நெருக்கமாக வந்திருந்தது. சிவப்பில் பொக்கை வாய்.

"நான் சொன்னா கோவிச்சுக்குவ," என்றாள் குஞ்சம்மாள். மூன்று பேரில் மூத்தவள் அவள். வாயில் வெற்றிலை இல்லாத நேரம் பார்த்துத்தான் பேசுவாள், இப்போது வெற்றிலை இல்லை.

"சொல்லுங்க அத்தை. கோவிச்சுக்கத் தெம்பு இல்ல."

"கைராசின்னு ஒண்ணு இருக்குடி. எங்க அண்ணன் நெலத்துல மொத வெத தூவ எங்க மதினியக் கூப்பிட மாட்டாங்க. என்னயத்தான் கூப்பிடுவாங்க. அதுக்காக அவ கெட்டவன்னு அர்த்தமா?"

"அப்ப பாகல் எப்படி வந்துச்சு?"

குஞ்சம்மாள் சற்று யோசித்தாள். "உனக்குப் பாகலுக்கு ராசி," என்றாள்.

அம்பிகா சிரித்தாள். பரிமளாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. இது மூன்றாவது தடவை.

நாற்று விடும் வேலையை மூன்று பேரும் கார்த்திகையில் தொடங்கினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகும் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய பால் சொசைட்டிக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதை மகளிர் குழுவின் பேரில் வாங்கி, வெளியே பச்சை நிழல்வலை கட்டினார்கள். ஆனால் விதை முளைப்பது நிழல்வலைக்குள் அல்ல, அறைக்குள்.

மாசியில் விடியற்காலை பனி இறங்கும். மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும். மிளகாய் விதைக்கு இரண்டும் ஆகாது. இரவும் பகலும் மாறாத ஒரு வெதுவெதுப்புதான் அதற்கு வேண்டும். அதனால் தென்னைநார்த் தூளை ஈரமாக்கிக் குழிகளில் நிரப்புவார்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டுத்தான் வடிய வேண்டும், அதுதான் ஈரத்தின் அளவு. நிரப்பிய தூளில் ஆள்காட்டி விரலால் பாதி நக ஆழத்துக்குக் குழி தொட்டு, குழிக்கு ஒரு விதை போட்டு, மேலே தூள் தூவுவார்கள். பிறகு தட்டுகளைப் பத்துப் பத்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பாலிதீன் தாளால் சுற்றி, ஜன்னலைச் சாத்தி இருட்டில் விட்டுவிடுவார்கள். ஊறிய விதை மூச்சு விடத் தொடங்கும்போது துளித் துளியாகச் சூடு வரும். பாலிதீன் அதை வெளியே விடாது. முதல் முளை தலை காட்டியதும் அடுக்கைப் பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். பத்தாம் நாள் எண்ணுவார்கள்.

முதல் தடவை பரிமளாவின் தட்டுகள் பொய்த்தபோது விதையைக் குறை சொன்னார்கள். இரண்டாம் தடவை ஒரே பாக்கெட்டைப் பிரித்து மூன்று பேரும் போட்டார்கள். அப்போதும் சிவப்புதான் பொய்த்தது. அவளுடைய தட்டுகள் அடுக்கின் அடியில் இருந்ததால் கனம் தாங்காமல் தூள் இறுகியிருக்கும் என்று அம்பிகா சொன்னாள். அது சரியான யோசனை. அப்படியும் நடப்பது உண்டு. அதனால் மூன்றாம் தடவை சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். தூள் ஒன்று, தண்ணீர் ஒன்று, விதை ஒன்று, அறை ஒன்று, அடுக்கும் ஒன்று. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் இருந்தது அவளுடைய கை மட்டும்தான். குஞ்சம்மாள் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

அம்பிகா, பரிமளாவின் ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி. குழுவுக்கும் அவள்தான் தலைவி. அவள் பச்சைத் தட்டுகளை நிழல்வலைக்குத் தூக்கி வைத்துவிட்டு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வைத்திலிங்கம் அண்ணன் காலையில போன் பண்ணினாரு. வாலிகண்டபுரத்துல அவருக்கு வரப்பு வெட்டி எல்லாம் தயாரா இருக்காம். அறுபது தட்டு மிளகாய் கேட்டாரு, நாப்பதுதான் தேறும். மிச்சம் இருபது இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வெதச்சாகணும்."

"சரிக்கா."

"நானும் அத்தையும் போட்டுக்கிறோம் பரிமளா."

பரிமளா சிவப்பு நூல் தட்டுகளைச் சுவரோரம் சாய்த்தாள்.

"தூள் சலிக்கலாம், தட்டு தூக்கலாம். வேலை இல்லாமலா இருக்கு?"

"தோள் தூக்க விட மாட்டேங்குதுக்கா. ஒனக்குத் தெரியாததா?"

அம்பிகாவுக்குத் தெரியும். விதைப்பு ஒன்றுதான் உட்கார்ந்து செய்கிற வேலை. அது இல்லையென்றால் இந்த அறைக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை.

பதினான்கு வருஷம் பரிமளா ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரி உடைத்தாள். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் உண்டு. பருப்பைப் பூச்சி தின்னாமல் இருக்க மரம் வைத்துக்கொண்ட காவல் அது. பூச்சிக்கும் மனுஷிக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தாலும் விரல் கறுக்கும், தோல் உரியும், உரிந்த இடத்தில் தடித்த தோல் வரும், அதுவும் உரியும். போன ஐப்பசியில்தான் அந்த வேலையை விட்டாள். கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. சாப்பிடும்போது ரசத்தின் காரம் விரலில் எரியாமல் இருந்த முதல் நாளை அவளால் தேதியோடு சொல்ல முடியும்.

கொட்டகை மேஸ்திரி சிந்தாமணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள்.

"என்னா பரிமளா, நாத்தங்கால் மொதலாளி, எப்படி இருக்க?"

"இருக்கேன்."

"ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு. அடுத்த வாரம் புதுசா நாலு பேரு எடுக்குறாங்க. நீ வரலன்னா அதுல ஒருத்திய ஒக்கார வச்சிருவேன். அப்பறம் என்னயச் சொல்லக் கூடாது."

"அடுத்த வாரம் சொல்றேன்."

"சொல்லு சொல்லு. ஒன்னய மாதிரி முழுப் பருப்பா உடைக்க ஆள் இல்ல புள்ள."

அது புகழ்ச்சிதான். அதைக் கேட்டதும் பரிமளாவுக்குப் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் ரேஷன் கடைக்குப் போனாள். அரிசி போடும் நாள். வரிசை புளியமரம் வரை நின்றது. அவள் முறை வந்தபோது பதினொரு மணி. கடைக்காரர் பாவாடை அவளைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். அவள் கைரேகை மெஷினில் பதியாது என்பது வரிசைக்கே தெரியும்.

"கட்டை விரல் வைங்க."

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆள்காட்டி."

சிவப்பு.

"கொஞ்சம் அழுத்தமா வைங்க."

இந்த மெஷின் விரலின் கோடுகளைப் படிப்பது. விரல் நுனியில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன. கண்ணாடியில் வைத்தால் மேடு மட்டும் தொடும், பள்ளம் தொடாது. அந்த வித்தியாசத்தைத்தான் மெஷின் படமாக எடுத்துக்கொள்கிறது. முந்திரி உடைத்தவள் விரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பதனிட்ட தோல் மாதிரி வழவழவென்று இருக்கும். வெள்ளைத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் யாரால் படிக்க முடியும்?

"அம்மா, அம்மா, போதும்," என்றார் பாவாடை. "கண்ணாடி ஒடஞ்சிரும் போல இருக்கு. எதுக்கு இந்த அழுத்து அழுத்துறீங்க?"

"நீங்கதானே அழுத்தமா வைக்கச் சொன்னீங்க?"

"கொஞ்சம்னு சொன்னேன். நகத்தப் பாருங்க."

பரிமளா பார்த்தாள். நகம் ரத்தம் வற்றி வெள்ளையாக இருந்தது. மேல் மூட்டு பின்பக்கமாக வளைந்திருந்தது. அவளுக்கோ விரலை லேசாக வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

விரலை எடுத்தாள். ரத்தம் திரும்பியது. மறுபடி வைத்தாள், இந்த முறை நகத்தையே பார்த்துக்கொண்டு. கண்ணாடியைத் தொட்டது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. இன்னும் அழுத்தினாள். நகம் வெளுத்த பிறகுதான் ஏதோ ஒன்றைத் தொடுகிறோம் என்று விரல் சொன்னது.

"போனுக்கு நம்பர் வரும், அதச் சொல்லுங்க," என்றார் பாவாடை. "அதான் எப்பவும் செய்யிறது. எதுக்கு இந்த விளையாட்டு?"

கார்டில் பதிந்த நம்பருள்ள போன் கணவன் அய்யம்பெருமாளிடம் இருந்தது. அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தான். தன் போனில் அவனைக் கூப்பிட்டு நம்பர் வாங்கி, அரிசி வாங்கி, பையை வீட்டில் இறக்கி வைத்தவள், சோறு ஆக்காமல் நேராகப் பால் சொசைட்டிக்கு நடந்தாள்.

ஒதுக்கியிருந்த சிவப்பு நூல் தட்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ஒரு தட்டை எடுத்துச் செய்தித்தாளின் மேல் வைத்தாள். குழியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதில் தீக்குச்சியின் பின்பக்கத்தை வைத்துத் தள்ளினால் தூள் அச்சுவெல்லம் மாதிரி முழுதாக வெளியே வரும். வந்ததை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிட்டாள்.

விதை இருந்தது. அழுகவில்லை, எறும்பும் தூக்கிப் போகவில்லை. முளைத்தும் இருந்தது. வெள்ளை நூல் மாதிரி ஒரு தண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு மேலே கிளம்பி, பாதி வழியில் பழுப்பாகி நின்றுவிட்டது.

இன்னொன்றைத் தள்ளினாள். அதுவும் அப்படித்தான். பத்துத் தள்ளினாள். பிறகு அம்பிகாவின் பச்சைத் தட்டில் முளைக்காமல் போன இரண்டு குழிகளையும், முளைத்த ஒன்றையும் தள்ளினாள். முளைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். தீக்குச்சியை வைத்து அளந்தாள். அம்பிகாவின் விதைகள் தீக்குச்சியின் மருந்துத் தலை ஒன்றரை அளவு ஆழத்தில் இருந்தன. அவளுடையவை பாதித் தீக்குச்சி. சிலது அதற்கும் கீழே, குழியின் அடியைத் தொட்டுக்கொண்டு.

ஒவ்வொரு விதைக்குள்ளும் கொஞ்சம் சோறு கட்டி வைத்திருக்கிறது. வெளிச்சத்தைத் தொட்டு இலையில் பச்சை ஏறும் வரைக்கும் அதுதான் சாப்பாடு. பாகல் விதைக்குள் இருப்பது நீண்ட பயணத்துக்கான கட்டுச்சோறு. பாதித் தீக்குச்சி தூரம் அதற்கு ஒன்றுமில்லை. செண்டுமல்லிக்கு அதைவிடக் குறைவு. திடமானது ஏறியது, மெலிந்தது நின்றுவிட்டது. மிளகாய்க்கு ஒரு கவளம். மணல் போல இருக்கும் கோழிக்கொண்டைக்கு ஒரு வாய்கூடக் கிடையாது. பெரிய விதை வந்தது, சின்ன விதை வரவில்லை. ராசி என்றால் விதையின் பருமனைப் பார்த்தா வேலை செய்யும்?

பரிமளா தாளின் மேல் கிடந்த விதைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முளைத்துத்தான் இருந்தன. மூன்று தடவையும் முளைத்துத்தான் இருந்தன.

அம்பிகாவும் குஞ்சம்மாளும் மூன்று மணிக்கு வந்தார்கள். பரிமளா தீக்குச்சியைக் காட்டினாள், நகத்தைக் காட்டினாள், விரலைக் காட்டினாள். அம்பிகா நம்பவில்லை.

"பாதி நகம்னா பாதி நகம். அது கூடவா தெரியாது?"

"பாத்துக்கிட்டே தொட்டா தெரியுதுக்கா. கண்ணு வெதைக்குப் போனா தெரியல."

"கண்ண மூடிக்கிட்டு ஒரு வரிசை தொடு."

தொட்டாள். ஏழு குழிகள். அம்பிகா ஒவ்வொன்றிலும் தீக்குச்சியை நிறுத்திப் பார்த்தாள். முதல் இரண்டு சுமார். மூன்றாவதிலிருந்து ஆழம் கூடிக்கொண்டே போனது. ஏழாவதில் அடித்துளை வழியாகத் தரை தெரிந்தது.

"அடிப்பாவி," என்றாள் அம்பிகா மெதுவாக.

"வெதைய எப்படி எடுத்த அப்ப?" என்று கேட்டாள் குஞ்சம்மாள். "மொளகா வெத விரல்ல படாம எப்படி எடுப்ப?"

பரிமளா மடித்த கல்யாணப் பத்திரிகை அட்டையைக் காட்டினாள். மடிப்பில் விதைகளை வரிசையாக விட்டு, லேசாகத் தட்டி, ஒவ்வொன்றாகக் குழிக்குள் உருட்டுவாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் செய்தாள். வேகமாக நடக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தாள். தன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

குஞ்சம்மாள் அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒரு கீறு கீறினாள்.

"வலிக்குதா?"

"எங்க கீறுனீங்க?"

குஞ்சம்மாள் கையைத் திருப்பி வைத்தாள். "சரி, ராசி இல்ல," என்றாள். "ஆனா எங்க மதினிக்கு ராசி கெடயாதுங்கிறது நெசந்தான்."

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் தெரிந்ததால் மட்டும் எதுவும் முளைத்துவிடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

"பத்துத் தட்டு எனக்குக் குடுக்கா," என்றாள் பரிமளா. "அதுவும் போச்சுன்னா நானே போயிடுறேன்."

அம்பிகா விரலைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "பத்துத்தான்," என்றாள்.

அன்று மாலையும் அடுத்த இரண்டு நாளும் வெறும் தூளில் பழகினாள். ஒவ்வொரு குழியையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தொட்டாள். ஆழம் சரியாக வந்தது. ஆனால் ஒரு தட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, கழுத்து இற்றுப்போனது, நான்காம் தட்டில் கண் தானாகவே விலகியது. நகத்தின் பாதியில் பேனாவால் கோடு போட்டாள். ஈரத் தூள் ஒரே வரிசையில் அதைத் துடைத்துவிட்டது. விரலில் நூலை மோதிரம் மாதிரி இறுக்கிச் சுற்றினாள். நூல் தூளில் முட்டுவதை விரல் உணர்ந்தால்தானே நிறுத்தும்? நூலும் விரலோடு சேர்ந்து உள்ளே போனது. அவள் செய்து பார்த்த எல்லாமே கடைசியில் அந்த விரலிடம்தான் யோசனை கேட்டன.

வியாழக்கிழமை விடிகாலையில் அய்யம்பெருமாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் சென்ட்ரிங் வேலை செய்பவன். கான்கிரீட் போட அடியில் பலகை அடிப்பதும் கம்பி கட்டுவதும் அவன் வேலை. நீராகாரத்தைக் குடித்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள் பரிமளா. "அந்தக் கம்பி பலகைய ஒட்டிக்கிட்டு இருந்தா துருப் பிடிச்சிரும், கொஞ்சம் தூக்கி நிக்கணும்னு சொல்வீங்கல்ல. அது எவ்வளவு தூரம் நிக்குதுன்னு எப்படிப் பாத்துக்குவீங்க?"

"பாத்துக்குறதா? யாரு பாக்குறா?"

"அப்பறம் எப்படி எல்லாம் ஒரே அளவா நிக்கிது?"

"கவர் பிளாக் வைப்போம்ல. சின்ன சிமெண்டுக் கட்டி. கம்பிக்கு அடியில சொருகிட்டா அதுக்குக் கீழ எறங்காது. மேல ஏறி ஆடுனாலும் எறங்காது. குடிச்சிட்டு வந்து கட்டுறவன்கூட ஒழுங்காக் கட்டுவான்." சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். "எதுக்குக் கேக்குற?"

பரிமளா அடுப்படியில் நின்றாள். கம்பி கட்டுகிறவனுக்கு ஆழம் தெரிய வேண்டியதில்லை. கட்டிக்குத் தெரிந்தால் போதும்.

"ஒரு ரீப்பர் கட்டைத் துண்டு வேணும்," என்றாள். "தட்டோட அகலத்தவிட ரெண்டு விரல் நீளம் கூட. ஒரே மாதிரி போல்ட்டு ஏழு."

"நட்டோடவா?"

"நட்டோட. போல்ட்டுத் தலை எவ்வளவு தடிமன் இருக்கும்?"

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாக விலக்கிக் காட்டினான். "அர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆறு மில்லின்னு வச்சுக்க."

பரிமளா தீக்குச்சியின் மருந்துத் தலையை நினைத்துக்கொண்டாள். அது ஒன்றரைத் தலை.

"அதான்," என்றாள். "ராத்திரி வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. மத்தியானமே கொண்டாந்துருங்க."

"மொதலாளியம்மா சொல்லிட்டா அப்பீல் ஏது?" என்று செருப்பை மாட்டினான். ஆனால் மத்தியானமே கொண்டுவந்தான். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, அவள் தட்டின் மேல் கட்டையை வைத்துப் பென்சிலால் ஏழு புள்ளி போட்டுக் கொடுக்க, டிரில்லால் துளை போட்டு, தலைகள் மட்டும் கீழே புடைத்து நிற்கும்படி ஏழு போல்ட்டையும் மாட்டி நட்டால் இறுக்கினான்.

வெள்ளிக்கிழமை அம்பிகா பத்துத் தட்டு போட்டாள், பரிமளா பத்துத் தட்டு போட்டாள். குஞ்சம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து நின்று தூள் நிரப்பிக்கொண்டே பரிமளாவின் கட்டையைப் பார்த்தாள்.

"இட்டிலிச் சட்டி மாதிரி இருக்கு," என்றாள்.

"அமுக்கிப் பாருங்க அத்தை. எவ்வளவு வேணா அமுக்குங்க."

குஞ்சம்மாள் இரண்டு கையையும் வைத்து உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அமுக்கினாள். கட்டை தட்டின் இரண்டு விளிம்பிலும் முட்டி நின்றது. எடுத்தபோது ஏழு பள்ளம், ஏழும் ஒரே ஆழம்.

"எனக்கும் ஒண்ணு செய்யச் சொல்லு அவன்ட்ட," என்றாள்.

தட்டுகளை அடுக்கினார்கள், பாலிதீன் சுற்றினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை சிந்தாமணி கூப்பிட்டாள். பரிமளா போனை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அந்த வாரம் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வேலை இல்லாத நேரத்திலும் உடம்பு அசந்துபோய் இருந்தது. ஏழாம் நாள் முளை கண்டு அடுக்கைப் பிரித்தார்கள். அவள் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. தட்டுகளை வெளியே எடுத்து வைக்கும் வரை வாசற்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் நாள் அம்பிகா எண்ணினாள். பச்சை நூல் தட்டு ஒன்றில் தொண்ணூறு. சிவப்பு நூல் தட்டு ஒன்றில் தொண்ணூற்றொன்று. அடுத்த சிவப்பில் எண்பத்தெட்டு. மற்ற எட்டிலும் அந்தச் சுற்றுத்தான்.

"வைத்திலிங்கம் அண்ணனுக்கு அறுபதும் தயார்னு சொல்லிடவா?" என்றாள் அம்பிகா.

"சொல்லிடுக்கா."

"சிந்தாமணி எனக்கும் போன் போட்டா. நீ எடுக்கலன்னு திட்டுனா. என்ன சொல்லட்டும்?"

"அந்த எடத்துல வேற ஆள ஒக்கார வைக்கச் சொல்லு."

அம்பிகா தலையை ஆட்டிவிட்டு, கோழிக்கொண்டை விதைப் பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் போட்டாள். "இதுக்கு ஆறு மில்லி ஆகாதே. மூச்சு முட்டிச் செத்துரும்."

"இதுக்கு வேற கட்டை. போல்ட்டுக்குப் பதிலா ஆணி. தலை மட்டும் வெளிய தெரியற வரைக்கும் அடிச்சுட்டா ரெண்டு மில்லிதான் நிக்கும்."

அன்று மாலை பரிமளா பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, குஞ்சம்மாளும் பார்க்கும் உயரத்தில் அறைச் சுவரில் மாட்டினாள்:

'தட்டை விளிம்பு மட்டத்துக்குத் தூளால் நிரப்பவும். கட்டையைக் குறுக்கே வைத்து, இரண்டு விளிம்பிலும் முட்டும் வரை அமுக்கவும். மிளகாய், கத்திரி, செண்டுமல்லிக்குப் போல்ட்டுக் கட்டை, ஆறு மில்லி. கோழிக்கொண்டைக்கு ஆணிக் கட்டை, இரண்டு மில்லி. குழிக்கு ஒரு விதை. மேலே தூள் தூவி, கட்டையின் தட்டைப் பக்கத்தால் விளிம்பு மட்டத்துக்கு வழிக்கவும். விரலால் தொட வேண்டாம்.'